தமிழ் வீடியோவுக்கு நேரம் பிசகாமல் சப்டைட்டில் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடம், சமையல், கோயில் சொற்பொழிவு, ஊர் வரலாறு என்று சொந்தமாகப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுகிறவர்கள் இன்று தமிழில் ஏராளம். அந்த வீடியோக்களில் சப்டைட்டில் உள்ளவை குறைவு. உள்ளவற்றிலும் பேச்சு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக ஓடுபவை நிறைய. காது கேட்பவர் அதைச் சின்னக் குறையாக எடுத்துக்கொண்டு மேலே பார்ப்பார். காது கேளாதவருக்கு யார் என்ன சொன்னார் என்பதே மாறிப்போகிறது. சப்டைட்டிலில் எழுத்துப்பிழையைவிட நேரப்பிழை பெரிய கேடு என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த எண்ணத்தோடு எழுதப்பட்டவை.

சப்டைட்டில், கேப்ஷன் இரண்டும் ஒன்றா?

கோப்பு, மென்பொருள், வேலை செய்யும் முறை எல்லாம் ஒன்றுதான். சப்டைட்டில் பேச்சை மட்டும் தரும். கேப்ஷன் பேச்சோடு, பேசுபவர் யார், கதவு தட்டப்பட்டதா, போன் ஒலித்ததா என்பதையும் தரும். காது கேளாதவரை மனத்தில் வைத்துச் செய்தால் அது கேப்ஷன். நம்மூர்ப் பேச்சில் இரண்டையும் சப்டைட்டில் என்றே சொல்வதால் இங்கேயும் அப்படியே சொல்கிறேன். செய்யும்போது மட்டும் கேப்ஷனாகவே செய்யுங்கள்.

பேச்சே தமிழில் இருக்கிறது. அதற்குத் தமிழிலேயே எழுத்து எதற்கு?

செவித்திறன் இல்லாதவர்களுக்காக. வயதாகிக் காது மந்தமானவர்களுக்காக. பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்காக. வெளிநாட்டில் வளர்ந்து, வீட்டில் தமிழ் கேட்டிருந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்காக.

உதட்டசைவைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. 'பணம்', 'மணம்' இரண்டையும் கண்ணாடி முன் நின்று ஒலியில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். கேமரா பேசுபவரின் முகத்தைவிட்டு விலகினால் அந்த அரைகுறை உதவியும் போய்விடும்.

படிப்புக்கும் இது உதவும். 1996இல் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் இருந்த பிரிஜ் கோத்தாரி, திரைப்பாடல்களுக்கு அதே மொழியில் வரிகளைக் காட்டினால் எழுத்தறிவு கூடும் என்ற யோசனையை முன்வைத்தார். பாடல் ஒலிக்க ஒலிக்க அந்தந்தச் சொல்லின் நிறம் மாறும். அடுத்த சில ஆண்டுகளில் தூர்தர்ஷனில் குஜராத்தி, இந்திப் பாடல்களுக்கு இது நடைமுறைக்கும் வந்தது. அந்தத் திட்டம் முழுக்கச் சொல்லும் எழுத்தும் ஒரே நொடியில் சேர்வதை நம்பி நிற்கிறது.

சப்டைட்டில் கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது?

பலரும் நினைப்பதைவிட எளிமையான விஷயம் இது. எஸ்ஆர்டி என்ற வகைக் கோப்பை நோட்பேடில் திறந்தால் இப்படித்தான் இருக்கும்:

1
00:00:04,200 --> 00:00:06,900
அரிசியை இருபது நிமிடம்
ஊற வையுங்கள்.

2
00:00:07,400 --> 00:00:10,100
அதற்குள் வெங்காயத்தை
நறுக்கிவிடலாம்.

முதலில் வரிசை எண். அடுத்து, எந்த நேரத்தில் தோன்ற வேண்டும், எந்த நேரத்தில் மறைய வேண்டும் என்ற குறிப்பு: மணி, நிமிடம், நொடி, கமா, அதன்பின் மில்லிநொடி. பிறகு எழுத்து. பிறகு ஒரு வெற்று வரி. அந்த வெற்று வரிதான் ஒரு துண்டு முடிந்தது என்று பிளேயருக்குச் சொல்கிறது. அதை விட்டுவிட்டால் அடுத்த துண்டின் எண்ணும் நேரமும் திரையிலேயே எழுத்தாக வந்து நிற்கும்.

இணையப் பக்கங்களுக்கென்று உள்ள வெப்விடிடி வகையும் ஏறத்தாழ இதேதான். கோப்பின் முதல் வரியில் அந்த வகையின் பெயர் இருக்க வேண்டும். மில்லிநொடிக்கு முன் கமாவுக்குப் பதில் புள்ளி வரும். எழுத்து திரையில் எந்த இடத்தில் தோன்ற வேண்டும் என்பதையும் அதில் குறிக்கலாம். கையில் எஸ்ஆர்டி ஒன்று இருந்தால் மற்ற வகைகளுக்கு நொடியில் மாற்றிவிடலாம் என்பதால், மூலப் பிரதியை எஸ்ஆர்டியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை எங்கிருந்து தொடங்குவது?

எழுத்திலிருந்து. பேசியதை முழுவதும் முதலில் எழுதி முடியுங்கள். அதைத் துண்டுகளாகப் பிரியுங்கள். அதற்குப் பிறகே நேரம் குறியுங்கள். எழுதுவதையும் நேரம் குறிப்பதையும் ஒரே மூச்சில் செய்தால் இரண்டுமே அரைகுறையாகும். நேரம் பார்க்கும் கவனத்தில் சொல் விடுபடும், சொல்லைத் தேடும் அவசரத்தில் நேரம் தவறும்.

பேச்சாளரிடம் எழுத்துப் பிரதி இருந்தால் கேட்டு வாங்குங்கள். ஆனால் அதை அப்படியே நம்ப வேண்டாம். எழுதி வைத்ததை வரி மாறாமல் பேசுகிறவர்கள் அரிது.

இயந்திரமே எழுதித் தருகிறதே, அது போதாதா?

போதாது. ஆனால் தொடக்கத்துக்கு நல்ல துணை.

யூடியூபில் தானியங்கி கேப்ஷன் 2009 நவம்பரில் அறிமுகமானது. அதற்கு முன்னின்று உழைத்தவர்களில் ஒருவரான கென் ஹேரன்ஸ்டீன் காது கேளாத பொறியாளர். தேவை தெரிந்தவர் கையிலிருந்து வந்த வசதி அது. 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் விஸ்பர் என்ற பேச்சறி நிரலை எல்லாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டது. அது தமிழையும் எழுதும். சொந்தக் கணினியிலேயே இயக்கலாம் என்பதால், வெளியே அனுப்ப விரும்பாத வீடியோவுக்கும் பொருந்தும்.

தமிழில் இவை தடுமாறும் இடங்கள் பழகப் பழகத் தெரியவரும். ல, ள, ழ குழம்பும். ர, ற இடம் மாறும். ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் சிதையும். நெல்லைப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் செய்தி வாசிப்புத் தமிழ் அளவுக்குப் பிடிபடுவதில்லை. ஆங்கிலச் சொற்கள் நடுநடுவே வந்தால் வாக்கியமே திசைமாறும். பேச்சே இல்லாத இடத்தில், பின்னணி இசை மட்டும் ஓடும்போது, யாரும் சொல்லாத ஒரு வாக்கியத்தை விஸ்பர் எழுதி வைப்பதும் உண்டு. ஒலி இல்லாமல் பார்க்கிறவருக்கு அது பொய் என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது. அதனால்தான் மனிதர் ஒருவர் ஒலியோடு முதலிலிருந்து கடைசிவரை பார்த்துத் திருத்தாத தானியங்கி வரிகளை வெளியிடக் கூடாது என்கிறேன்.

இயந்திரம் தரும் நேரமும் தோராயம்தான். நீண்ட வாக்கியத்தை ஒரே துண்டாக்கி எட்டுப் பத்து நொடி நிறுத்திவிடும். அதைப் பிரித்து நேரம் குறிக்கும் வேலை எப்படியும் உங்களுடையது.

பேசியபடியே பேச்சுத் தமிழில் எழுதுவதா, எழுத்துத் தமிழுக்கு மாற்றுவதா?

தமிழில் சப்டைட்டில் செய்கிற எல்லாரும் முட்டிக்கொள்ளும் கேள்வி இதுதான். இரு பக்கமும் நியாயம் இருக்கிறது.

காது கேளாத பிள்ளை தமிழைக் கற்பது பெரும்பாலும் பாடப் புத்தகம் வழியாக. 'வந்துகொண்டிருக்கிறார்' என்பது அவர் படித்த வடிவம். 'வந்துட்ருக்காரு' என்று எழுதினால் எழுத்துக்கூட்டி நிற்க நேரும், அதற்குள் வரி மறைந்துவிடும். மறுபக்கம், சற்றே காது கேட்பவரும் உதடு பார்ப்பவரும் கேட்பதும் பார்ப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பேச்சாளர் நான்கு அசையில் சொன்னதை எட்டு அசையில் எழுதினால் அவர்களுக்குத் தடுமாற்றம். ஒரு பாட்டியின் நேர்காணலைப் பாடநூல் நடைக்கு மாற்றினால் அந்தப் பாட்டியே வீடியோவில் இல்லாமல் போய்விடுவார்.

நான் பின்பற்றும் வழி இது. பாடம், செய்தி, மருத்துவக் குறிப்பு, அரசு அறிவிப்பு ஆகியவற்றுக்கு எழுத்து வடிவம். நேர்காணல், நாடகம், வாய்மொழி வரலாறு ஆகியவற்றுக்குப் பேசியபடியே. ஆனால் படிக்கக்கூடிய எழுத்துக்கூட்டலில். ஒரே சொல்லை ஒரு வீடியோவுக்குள் இரண்டு விதமாக எழுதக் கூடாது. 'வர்றேன்' என்று முடிவு செய்தால் கடைசிவரை 'வர்றேன்'தான். தொடங்குமுன் இருபது முப்பது சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொண்டால் பிறகு தயங்க வேண்டியதில்லை. வட்டாரச் சொல்லை மட்டும் எந்த வகையிலும் மாற்றாதீர்கள். அவர் 'வெஞ்சனம்' என்றால் 'குழம்பு' என்று திருத்த நமக்கு உரிமையில்லை.

ஒரு துண்டு எவ்வளவு நீளம் இருக்கலாம்? எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?

ஆங்கிலத்துக்கு நன்றாக வகுக்கப்பட்ட அளவுகள் உண்டு. பிபிசி நிமிடத்துக்கு 160 முதல் 180 சொற்கள் என்ற வேகத்தைப் பரிந்துரைக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் ஒரு வரிக்கு 42 எழுத்து, அதிகபட்சம் இரண்டு வரி, ஒரு துண்டு குறைந்தது ஒரு நொடியில் ஆறில் ஐந்து பங்கு, அதிகபட்சம் 7 நொடி என்று வைத்திருக்கிறது. இரண்டு வரி, 7 நொடி என்ற எல்லைகள் தமிழுக்கும் சரிதான். சொல் கணக்கும் எழுத்துக் கணக்கும்தான் பொருந்தாது.

சொல் கணக்கை எடுத்துக்கொள்வோம். 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்' என்பது தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஐந்தாறு சொல் வேண்டும். நிமிடத்துக்கு 170 தமிழ்ச் சொல் என்று வைத்தால் யாராலும் படிக்க முடியாது.

எழுத்துக் கணக்கில் வேறு சிக்கல். மேலே காட்டிய 'அரிசியை இருபது நிமிடம் ஊற வையுங்கள்' என்ற வாக்கியத்தில் நம் கண்ணுக்கு 19 எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடு கணக்கில் 31 குறியீடு. 'சி' என்பதில் ச ஒன்று, இகரக் குறி ஒன்று. 'ம்' என்பதில் ம ஒன்று, புள்ளி ஒன்று. பல மென்பொருள்கள் இந்தக் குறியீடுகளையே எண்ணி, வரி நீளமாகிவிட்டது, படிக்க நேரம் போதாது என்று சிவப்பில் எச்சரிக்கும். அந்தச் சிவப்புக்குப் பயந்து சொற்களை வெட்டாதீர்கள்.

நான் கைக்கொள்ளும் அளவு இது: ஒரு வரிக்கு நான்கு சொல், மிஞ்சினால் ஐந்து. இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். துண்டை வாய்விட்டு, அவசரமில்லாமல் ஒருமுறை படியுங்கள். படித்து முடிப்பதற்குள் அது மறைந்தால் நேரம் போதவில்லை என்று பொருள். பேச்சு மிக வேகமாக இருந்தால், பேச்சு முடிந்தபின் வரும் இடைவெளியில் அரை நொடி, முக்கால் நொடி கூடுதலாக நிற்கவிடலாம். அதுவும் போதாதபோது மட்டும் 'வந்து', 'அதாவது' போன்ற நிரப்புச் சொற்களை நீக்கலாம். கருத்துள்ள சொல்லை நீக்கக் கூடாது.

துல்லியமாக எந்தக் கணத்தில் தோன்ற வேண்டும், எந்தக் கணத்தில் மறைய வேண்டும்?

முதல் ஒலி எழும் கணத்தில் எழுத்து தோன்ற வேண்டும். மென்பொருளில் ஒலியின் அலைவடிவம் தெரியும். அலை மேலெழும் இடம்தான் தொடக்கம். ஒன்றிரண்டு பிரேம் (வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படம்) முன்பின்னாக இருந்தால் யாருக்கும் தெரியாது. அரை நொடி என்றால் எல்லாருக்கும் தெரியும்.

முந்திக்கொள்வது பிந்துவதைவிட மோசம். பட்டிமன்றத்தில் நடுவர் ஒரு கணம் நிறுத்தி, அரங்கத்தைப் பார்த்துவிட்டு, தீர்ப்பைச் சொல்கிறார். அவர் வாய் திறக்குமுன் தீர்ப்பு திரையில் வந்துவிட்டால் அந்த நிறுத்தத்துக்கே அர்த்தமில்லை. கேள்வியும் பதிலும் ஒரே துண்டில் சேர்ந்து வருவதும் இதே தவறுதான். வினாடி வினா வீடியோக்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். கேள்வி ஒரு துண்டு, பதில் தனித் துண்டு.

மறைவதற்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டாம். பேச்சு முடிந்து சிறிது நேரம் நிற்கலாம். ஆனால் காட்சி வெட்டி மாறும் இடத்தைத் தாண்டி ஓரிரு பிரேம் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. கண் அதைப் புதிய வரி என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து படிக்கப் போகும். வெட்டு வரும் இடத்திலேயே வரியையும் முடித்துவிடுங்கள். அடுத்தடுத்த இரு துண்டுகளுக்கு நடுவே இரண்டு பிரேமாவது இடைவெளி இருந்தால்தான் எழுத்து மாறியது கண்ணுக்குப் படும்.

வரியை எங்கே உடைப்பது?

பொருள் ஒட்டியிருக்கும் இடத்தில் உடைக்காதீர்கள். 'சிவப்பு / மிளகாயை வறுத்து' என்று உடைப்பதைவிட 'சிவப்பு மிளகாயை / வறுத்து' என்பது மேல். பெயரெச்சத்தையும் பெயரையும் பிரிக்க வேண்டாம். எண்ணையும் அளவையும் பிரிக்கவே வேண்டாம்: 'கால் / டீஸ்பூன்' என்று உடைந்தால் ஒரு கணம் கால் எதையோ குறிப்பதுபோல் ஆகிவிடும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், நீண்ட வாக்கியத்தின் முதல் துண்டு பெரும்பாலும் பொருள் முடியாமல் தொங்கும். அதைத் தவிர்க்க முடியாது. தொங்கும் துண்டு 'என்பதால்', 'போது', 'என்று' போன்ற இடத்தில் முடிந்தால் படிப்பவர் அடுத்த துண்டை எதிர்பார்த்துக் காத்திருப்பார்.

எந்தெந்த ஒலிகளை எழுத வேண்டும்?

நடப்பதைப் புரிந்துகொள்ளத் தேவையானவற்றை மட்டும், சதுர அடைப்புக்குள். சமையல் வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். "மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம்" என்கிறார் சமைப்பவர். பிறகு விசில்கள் வருகின்றன. சப்டைட்டிலில் ஒன்றும் இல்லை. அடுத்து அவர் அடுப்பை அணைக்கிறார். [முதல் விசில்], [இரண்டாவது விசில்], [மூன்றாவது விசில்] என்று அந்தந்த நொடியில் எழுத்து தோன்றினால்தான் காட்சி முழுமையாகும். அதே வீடியோவில் பின்னணியில் காகம் கரைவது தேவையில்லை. விருந்தினர் வருகை பற்றிய கதையில் காகம் கரைந்தால் கட்டாயம் தேவை.

பேசுபவர் திரையில் தெரியாதபோது பெயரைப் போடுங்கள். இருவர் ஒரே துண்டில் பேசினால் ஆளுக்கொரு வரி, முன்னால் ஒரு சிறு கோடு. பாட்டுக்கு ♪ குறி. இசை மட்டும் ஓடினால் [நாதஸ்வரம்], [பறை வேகமெடுக்கிறது] என்று எது ஒலிக்கிறது என்பதைச் சொல்லுங்கள். வெறும் [இசை] என்பதில் ஒன்றும் தெரியாது.

தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, போகப்போகப் பேச்சும் எழுத்தும் விலகுகின்றன. ஏன்?

முதலில் நோயைக் கண்டறியுங்கள். வீடியோவின் தொடக்கத்தில் ஓரிடம், நடுவில் ஓரிடம், முடிவில் ஓரிடம் பார்த்து விலகலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று இடத்திலும் ஒரே அளவு விலகல் என்றால் எளிது. முன்னால் ஒரு முகப்புக் காட்சியைச் சேர்த்திருப்பீர்கள், அல்லது வெட்டியிருப்பீர்கள். எல்லாத் துண்டுகளையும் அந்த அளவு ஒருசேர நகர்த்தினால் முடிந்தது. எவ்வளவு நகர்த்துவது என்று தெரிய, விஎல்சி பிளேயரில் ஜி, எச் விசைகளை அழுத்திப் பாருங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒவ்வோர் அழுத்தமும் எழுத்தை 50 மில்லிநொடி முன்னோ பின்னோ தள்ளும்.

விலகல் சீராகக் கூடிக்கொண்டே போனால் அது பிரேம் வேகத்தின் வேலை. நொடிக்கு 24 பிரேம் என்று கணக்கிட்டுச் செய்ததை 23.976 பிரேம் வீடியோவோடு சேர்த்தால் ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி விலகும். பத்து நிமிட வீடியோவில் இது முடிவில் அரை நொடியைச் சற்றுத் தாண்டும், இரண்டு மணி நேரப் படத்தில் முடிவு முழுக்கக் குலையும். 23.976 பிரேம் பிரதிக்குச் செய்ததை 25 பிரேமுக்கு வேகம் கூட்டிய பிரதியோடு சேர்த்தால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ இரண்டரை நிமிடம். இதற்கு நகர்த்தல் உதவாது, நீட்டவோ சுருக்கவோ வேண்டும். சப்டைட்டில் எடிட் போன்ற மென்பொருளில் முதல் துண்டின் சரியான நேரத்தையும் கடைசித் துண்டின் சரியான நேரத்தையும் கொடுத்தால் நடுவில் உள்ளவற்றை அதுவே விகிதப்படி சரிசெய்துவிடும்.

ஓரிடம்வரை சரியாக ஓடி, சட்டென்று விலகி, அதற்குப்பின் அதே விலகலோடு தொடர்ந்தால், அந்த இடத்தில் வீடியோ வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டுக்குப் பிந்தைய துண்டுகளை மட்டும் நகர்த்துங்கள்.

நான்காவது வகை அலைபேசியில் எடுத்தவர்களுக்கு வருவது. பல அலைபேசிகளும் திரைப்பதிவுச் செயலிகளும் சீரான பிரேம் வேகத்தில் பதிவதில்லை. வெளிச்சத்துக்கும் வேலைப்பளுவுக்கும் ஏற்ப வேகம் ஏறி இறங்கும். அதை எடிட்டிங் மென்பொருளில் போட்டால் ஒலியும் படமுமே விலகக்கூடும், சப்டைட்டிலைக் குறைசொல்லிப் பயனில்லை. எடிட்டிங் தொடங்குமுன் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எழுத்து கேள்விக்குறியாக, கட்டமாக, அல்லது கொம்பு பிரிந்து தெரிகிறது. என்ன செய்வது?

மூன்றும் மூன்று நோய்.

கேள்விக்குறிகளாக வந்தால், கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கவில்லை. பழைய விண்டோஸ் நோட்பேடில் சேமிக்கும்போது அதைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். 2019க்குப் பிந்தைய விண்டோஸ் 10 பதிப்புகளில் இயல்பாகவே யூடிஎஃப்-8தான். ஒருமுறை கேள்விக்குறியாகச் சேமித்துவிட்டால் அந்தக் கோப்பிலிருந்து தமிழ் திரும்ப வராது. ஆகவே எப்போதும் ஒரு நகல் வைத்திருங்கள்.

கட்டங்களாக வந்தால், அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. பென்டிரைவைச் செருகிப் பார்க்கும் சில டிவிகளில் இது நடக்கும். டிவியில் எழுத்துருவைச் சேர்க்க முடியாது, ஆகவே எழுத்தைப் படத்தோடு பதித்துவிடுவதே வழி.

'கெ', 'கொ' போன்றவற்றில் கொம்பு தனியே விலகி, இடையில் புள்ளி வட்டம் தெரிந்தால், எழுத்துகளைக் கோத்துக் காட்டும் திறன் அந்த மென்பொருளில் இல்லை, அல்லது அணைந்திருக்கிறது. அடோபி பிரீமியர் புரோவில் அமைப்புகளுக்குள் கிராபிக்ஸ் பகுதியில் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கான எழுத்து எந்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பைபோல் வந்தால், பிரதி பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டது. யூனிகோடுக்கு மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

படத்தோடு பதித்துவிடுவதா, தனிக் கோப்பாகக் கொடுப்பதா?

முடிந்த இடத்திலெல்லாம் தனிக் கோப்பு. பார்ப்பவர் எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறம் மாற்றலாம், வேண்டாமென்றால் அணைக்கலாம். பார்வையும் மங்கலான முதியவருக்கு அந்த வசதி இன்றியமையாதது. பிழை தெரிந்தால் கோப்பை மட்டும் மாற்றினால் போதும். வேறு மொழிகளையும் சேர்க்கலாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோவுக்குத் தனிக் கோப்பு கூடப் போகாது, அங்கே பதித்துத்தான் ஆக வேண்டும். பதிக்கும்போது வெள்ளை எழுத்தும் பின்னால் கறுப்புப் பட்டையும் எந்தக் காட்சியிலும் தெளிவாகத் தெரியும். ஆசிரியர் கரும்பலகையின் கீழ்ப்பகுதியில் எழுதும்போது சப்டைட்டில் அதை மறைக்கும். அந்தத் துண்டுகளை மட்டும் மேலே ஏற்றுங்கள்.

கணினியில் பார்க்கத் தனிக் கோப்பாகக் கொடுத்தால், வீடியோவுக்கும் எஸ்ஆர்டிக்கும் ஒரே பெயரிட்டு ஒரே கோப்புறையில் வையுங்கள். விஎல்சி தானே எடுத்துக்கொள்ளும்.

எந்த மென்பொருள் நல்லது?

விண்டோஸில் சப்டைட்டில் எடிட். இலவசம், அலைவடிவம் காட்டும், விஸ்பரை உள்ளிருந்தே இயக்கும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு ஏஜிசப். எடிட்டிங்கையும் அங்கேயே செய்பவர்களுக்கு கேடென்லைவ், டாவின்சி ரிசால்வ் இரண்டிலும் சப்டைட்டிலுக்குத் தனித் தடம் உண்டு. எதுவும் நிறுவ முடியாதென்றால் யூடியூப் ஸ்டுடியோவே போதும்.

யூடியூபில் ஏற்றுவது எப்படி?

ஸ்டுடியோவில் வீடியோவைத் தேர்ந்தெடுத்து, சப்டைட்டில் பகுதிக்குப் போய், மொழி தமிழ் என்று குறித்து, கோப்பைப் பதிவேற்றுங்கள். நேரத்துடனா, நேரமின்றியா என்று கேட்கும். எஸ்ஆர்டிக்கு 'நேரத்துடன்'. எழுத்துப் பிரதி மட்டும் இருந்தால் அதை ஒட்டி, தானாக ஒத்திசைக்கச் சொல்லலாம். யூடியூபின் பேச்சறி வசதி உள்ள மொழியாகவும், பேச்சும் பிரதியும் ஒரே மொழியாகவும் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஒரு மணி நேரத்தைத் தாண்டிய வீடியோவுக்கும் ஒலி சரியில்லாத வீடியோவுக்கும் யூடியூபே அதைப் பரிந்துரைப்பதில்லை.

வீடியோவின் மொழி தமிழ் என்று குறிக்க மறக்காதீர்கள். தானியங்கி வரிகள் ஏற்கெனவே இருந்தால், உங்கள் கோப்பு ஏறியபின் அவற்றை வெளியீட்டிலிருந்து நீக்கிவிடுங்கள், பார்ப்பவர் தவறான வரிகளைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பார்.

சட்டப்படி கட்டாயமா?

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் 42ஆம் பிரிவு, மின்னணு ஊடகங்களில் ஒலி விவரிப்பு, சைகை மொழி, கேப்ஷன் ஆகியவை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. அதையொட்டித் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019இல் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கும் 2024 மார்ச்சில் திரையரங்குகளுக்கும் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. இணைய அணுகல் தரநிலையான டபிள்யூசிஏஜியில், பதிவுசெய்த வீடியோவுக்கு கேப்ஷன் என்பது அடிப்படையான 'ஏ' நிலையிலேயே வந்துவிடுகிறது. கல்வி நிறுவனமோ அரசுத் துறையோ உங்களிடம் வீடியோ கேட்டால், கேப்ஷனுக்கான நேரத்தையும் செலவையும் முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துக் கேளுங்கள்.

நேரலைக்கு?

இது வேறு தொழில். பயிற்சி பெற்ற ஒருவர் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்தாலும் சில நொடி பிந்தும், அது இயல்பு. நேரலை முடிந்தபின் பதிவு இணையத்தில் நிற்கப்போகிறது என்றால், அந்தப் பிந்தலைச் சரிசெய்த புதிய கோப்பைச் சேர்த்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம் பிடிக்கும்?

பத்து நிமிட வீடியோவுக்குப் பழகியவருக்கே ஒரு மணி நேரம் ஆகும். ஒலி தெளிவில்லை, நான்கு பேர் ஒன்றாகப் பேசுகிறார்கள் என்றால் இரட்டிப்பு. இதை இலவசமாகச் செய்து தரச் சொல்லிக் கல்லூரி மாணவர்களை நெருக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஒளிப்பதிவாளருக்கும் எடிட்டருக்கும் கொடுப்பதைப்போல் இதற்கும் கூலி கொடுக்க வேண்டும், பெயரும் போட வேண்டும்.

முடித்தபின் எப்படிச் சரிபார்ப்பது?

இரண்டு முறை. முதல் முறை ஒலியோடு, நேரம் பார்க்க. இரண்டாவது முறை ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு, நடுவில் நிறுத்தாமல், அலைபேசித் திரையில். யார் பேசுகிறார் என்று தெரியாத இடமும், படித்து முடிக்க முடியாத இடமும், காரணம் தெரியாமல் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் இடமும் அப்போதுதான் தட்டுப்படும். தெரிந்தவர்களில் காது கேளாதவர் யாராவது இருந்தால் அவரிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள். அவர் சொல்வதை நம் வசதிக்கேற்ப விளக்கிக்கொள்ளாமல் அப்படியே திருத்துங்கள்.

வெளியிட்டபின் வீடியோவில் ஒரு பகுதியை நீக்கிவிட்டேன். சப்டைட்டில் என்னவாகும்?

நீங்களே வெட்டிப் புதிதாக ஏற்றியிருந்தால் பழைய கோப்பு அந்த இடத்துக்குப்பின் முழுவதும் விலகும். நீக்கிய பகுதியின் நீளத்தை மில்லிநொடி வரை குறித்துக்கொண்டு, அதிலிருந்த துண்டுகளை அழித்து, பின்னால் வருபவற்றை அந்த அளவுக்கு முன்னே இழுங்கள். வெட்டு விழுந்த இடத்தை ஒட்டிய இரண்டு மூன்று துண்டுகளை மட்டும் கையால் சரிபாருங்கள். அங்கேதான் பாதி வாக்கியம் தங்கியிருக்கும். கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்து, எந்த வீடியோ பிரதிக்கு எந்த எஸ்ஆர்டி என்று தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.